பருந்து தூக்கிய பங்கு

மண்ணாங்கட்டி ஜட்ஜுக்கு நிற்கப்போகிறான் என்ற சேதி, அவன் பெண்டாட்டி பூமாலைக்கு மல்லாட்டைக் கொல்லையில் வைத்துத்தான் தெரியவந்தது. அதுவும் எதிர்வீட்டு இருதயமேரி வாயால்.

மார்கழி மாதம். பனி ஈரம் காய்வதற்குள் வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் பெண்கள் வரப்போரம் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு குறைவாகத்தான் இருந்தது. எல்லார் வாயிலும் பச்சை மல்லாட்டை. மேஸ்திரி இந்தப் பக்கம் திரும்பினால் வாய்கள் நிற்கும், அந்தப் பக்கம் திரும்பினால் ஓடும்.

"இன்னா பூமாலை, ஜட்ஜி பொண்டாட்டி ஆவப்போற. இன்னும் எங்ககூட குந்திக்கினு காய் ஆஞ்சிக்கினு இருக்கற," என்றாள் இருதயமேரி.

"யாரு ஜட்ஜி?"

"உன் ஊட்டுக்காரருதான். சவுரிராயன் மாமா அவரு பேரக் குடுத்துட்டாராமே. எங்க ஊட்டுக்காரரும் நிக்கிறாரு. உனக்குத் தெரியாதா?"

பூமாலை வாயிலிருந்ததை அப்படியே விழுங்கினாள். "தெரியாம இன்னா," என்றாள். தெரியாதுதான். காலையில் அவள் புருஷன் கேப்பைக் கூழ் குடித்தான், கவலையில் தண்ணீர் இறைக்க மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். நடுவில் அவன் சொன்னது ஒரே ஒரு 'உம்'. அந்த உம்முக்குள் இவ்வளவு பெரிய சமாச்சாரம் இருந்ததை அவள் எங்கே கண்டாள்?

சீமையில் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. கிளியனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தாழம்பாக்கத்தில் ஒரு பஞ்சாயத்துக் கோர்ட்டு இருந்தது. ஊர்ச் சாவடியில் ஐந்து பேர் உட்கார்ந்து, ஆடு மேய்ந்த வழக்கு, வரப்பு நகர்ந்த வழக்கு, வாய்க்கு வந்தபடி ஏசிய வழக்கு எல்லாம் விசாரிப்பார்கள். சர்க்கார் அவர்களை மெம்பர் என்றது. ஜனங்கள் ஜட்ஜி என்றார்கள். இந்தத் தடவை அதில் ஓர் இடம் சேரிக்கு என்று உத்தரவாகியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, சாவடி முன்னால் எல்லாரையும் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டு போவார். சேரியிலிருந்து ஒருவனே நின்றால் பேச்சில்லை, அவன்தான். இரண்டு பேர் நின்றால், அதில் யார் என்பதை ஊர்த்தெருக் கைகள் முடிவுசெய்துவிடும்.

"நம்ம ஆள நாமதான் பொறுக்கணும். முன்னாடியே நமக்குள்ள ஒரு எலெக்‌ஷன் வெச்சிக்கலாம். அதுல தோத்தவன் வெள்ளிக்கெழம வாயத் தெறக்கக்கூடாது," என்று சேரிக்குப் பெரியதனக்காரரான சவுரிராயன் ஏற்பாடு செய்திருந்தார்.

முதலில் பேர் கொடுத்தவன் இருதயமேரியின் புருஷன் அந்தோணிசாமி. புதுச்சேரி ஆலையில் கொஞ்சகாலம் வேலை பார்த்துத் திரும்பியவன். ஏர் ஓட்டும்போதும் சட்டை போட்டிருப்பான். சட்டம் என்று சொல்லமாட்டான், 'லுவா' என்பான், பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் சொல்கிறானாம். அவனுக்குப் பேச்சு அதிகம். பேச்சு அதிகமானதால் பகையும் அதிகம். அதனால்தான் சவுரிராயன், பகையே இல்லாத ஓர் ஆளைத் தேடி மண்ணாங்கட்டியிடம் வந்து நின்றார்.

மண்ணாங்கட்டிக்குப் பகை இல்லாததற்குக் காரணம் அவன் ஓட்டுகிற கவலை. நாளெல்லாம் சால் இழுக்கிற மாட்டுக்குப் பின்னால் இறக்கத்தில் இறங்குவான், மறுபடி ஏறுவான். சண்டை போட்டுக்கொண்டவர்கள் மனசு ஆறாமல் அவனிடம் வந்து, கூடவே இறங்கி ஏறிக்கொண்டு நியாயம் சொல்வார்கள். அவன் உம் என்பான். சாயங்காலம் எதிராளி வந்து சொல்வான். அவனுக்கும் உம். இரண்டு பேரும், மண்ணாங்கட்டி நம்ம பக்கம் என்று நிம்மதியாகப் போய்ப் படுப்பார்கள். தெருவிலேயே நடுநிலைமை தெரிந்தவன் என்று அவனுக்குப் பேர் வந்துவிட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் பூமாலை அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், ஜட்ஜுக்கு நிக்கிறியாமே?"

"உம்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கல."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. போன ஆடியில் அவளுடைய ஆடு யாருடைய கம்பங்கொல்லையிலோ வாய் வைத்துவிட்டது என்று சாவடியில் வழக்கு. காலையில் போய் ஆட்டோடு வெயிலில் நின்றாள். உள்ளே ஐந்து பேரும் பேசினார்கள், சாப்பிட்டார்கள், துண்டை விரித்துப் படுத்தார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆடு நிழலைத் தேடி அவள் புடவைக்குள் தலையை விட்டது. சாயங்காலம் ஒருவர் எழுந்து வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை வா என்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. உள்ளே நம் ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தால், வெளியே ஒரு பொம்பளை நிற்கிறாள், கூப்பிடுங்கள் என்று சொல்லமாட்டானா? அந்த ஒரு வார்த்தைக்காகவே தன் புருஷன் உள்ளே போக வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதையாவது இவன் சொல்வானா என்ற சந்தேகமும் இருந்தது.

மறுநாள் கிணற்றடியில் குப்பம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சவுரிராயனைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"மாமா, ஜட்ஜு வேலைக்கு ஆள் எடுக்கறீங்க. வேல தெரியுமான்னு பாக்க வேணாமா? என் கோழிக்குஞ்சு வழக்கு ரெண்டு வருசமா கெடக்குது. அதுக்கு மண்ணாங்கட்டி அண்ணன் நாயம் சொல்லட்டும். அப்புறம் என் கை தூக்கறேன்."

குப்பம்மாள் புருஷன் இல்லாதவள். வீட்டுக்கு ஒரு கை என்ற ஏற்பாட்டில், அவள் வீட்டுக் கை அவள் கைதான். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அந்த வழக்கால் பூமாலையோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

அங்கே நின்றிருந்த அந்தோணிசாமி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான். "கரெக்டு. லுவாவும் அப்படித்தான் சொல்லுது. பரீட்ச வெக்கணும்," என்றான். நாயம் பெண்டாட்டிக்குச் சாதகமாக இருந்தால் தெரு சிரிக்கும், எதிராக இருந்தால் மண்ணாங்கட்டிக்குச் சோறு கிடைக்காது என்று அவன் கணக்கு.

அந்த வழக்கு இதுதான். பூமாலையிடம் ஒரு செவலைக் கோழி இருந்தது. அடை உட்கார்ந்தால் அப்படி உட்காரும், ஒரு முட்டையைக்கூடக் கூமுட்டையாக்காது. குப்பம்மாளிடம் முட்டை இருந்தது, அடைக்குக் கோழி இல்லை. முட்டை ஒருத்தியுடையது, கோழி இன்னொருத்தியுடையது, பொரிக்கிற குஞ்சில் பாதிப் பாதி. தெரு வழக்கம் அது. எல்லா முட்டையும் பொரித்தது. பிரித்துக்கொள்வதற்குள் ஒருநாள் பருந்து வந்து சில குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பங்கு கேட்க வந்த குப்பம்மாளிடம் பூமாலை கொஞ்சம் குஞ்சுகளை மட்டும் கொடுத்து, "மிச்சத்தப் பருந்து தூக்கினு போயிடுச்சி," என்றாள்.

"தூக்கினது என் பங்குதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தூக்கினதெல்லாம் கருப்புக் குஞ்சு. கருப்பு உன்னுதுன்னு நான் மனசுல வெச்சிருந்தேன்."

அன்றோடு பேச்சு நின்றது. மனசில் வைத்திருந்தது உண்மைதானா என்று பூமாலை தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை களத்தில் பரீட்சையும் எலெக்‌ஷனும் என்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு கவலைக்குப் போனாள். மாட்டை நிழலில் கட்டிவிட்டு மண்ணாங்கட்டி உட்கார்ந்தான். அவன் முதல் உருண்டையை விழுங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நாளைக்கி இன்னா சொல்லப் போற?"

அவன் விரலை நக்கினான்.

"என் பக்கம் சொன்னியோ, தொலஞ்ச. பொண்டாட்டி முந்தானையில நாயம் முடிஞ்சி வெச்சிருக்கான்னு அந்தோணி தெரு பூரா சொல்லுவான். அதனால, தப்பு என் மேலதான்னு சொல்லிடு."

மண்ணாங்கட்டி நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவன் கேட்டிராத வார்த்தை அது.

"இன்னா பாக்கற? ஒரு குஞ்சு குடுத்துடணும்னு தீர்ப்பு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. போன வாரம் சின்னக் கோழி பொரிச்சதுல ஒரு நொண்டிக் குஞ்சு கீது, அதக் குடுத்துடறேன். எங்க, சொல்லு பாப்பம்."

"தப்பு பூமாலை மேல."

"கொஞ்சம் சத்தமா."

"தப்பு பூமாலை மேல."

"இவ்வளோ சத்தம் வேணாம். அப்புறம்?"

"ஒரு குஞ்சு குடுத்துடணும்."

"அவ்வளோதான். அதோட வாய மூடிக்க."

"உம்," என்றான். அவன் கண்ணில் புதிதாக ஏதோ ஒன்று தெரிந்தது. குழம்பின் காரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் களத்தில் தெரு கூடிவிட்டது. வீட்டுக்கு ஒரு கை. நிற்கிறவன் தனக்கே கை தூக்கக்கூடாது, அவன் வீட்டுக்கு அவன் பெண்டாட்டி தூக்கலாம். சவுரிராயன் எண்ணுவதற்காக ஒரு முறத்தில் மல்லாட்டை கொண்டுவந்து வைத்திருந்தார். கைக்கு ஒரு காய்.

குப்பம்மாள் எழுந்து தன் வழக்கைச் சொன்னாள். கருப்புக் குஞ்சு கதையை அவள் சொன்ன விதத்தில் பூமாலைக்கே சிரிப்பு வரும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

மண்ணாங்கட்டி எழுந்தான். துண்டை உதறிப் போட்டுக்கொண்டான். கூட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. அவன் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"தப்பு பூமாலை மேல," என்றான்.

களம் ஒருதரம் அசைந்தது. அந்தோணிசாமியின் வாய் திறந்தபடியே நின்றது. பூமாலை முகத்தைத் தொங்கப்போட்டு, அவமானப்பட்டவள்போல் தரையைப் பார்த்தாள். நன்றாகத்தான் போகிறது என்று உள்ளே நினைத்துக்கொண்டாள்.

"பருந்து பேர் பாத்துத் தூக்கல," என்றான் மண்ணாங்கட்டி. இது அவள் சொல்லிக்கொடுத்ததில் இல்லை. "பொதுவில மேய்ஞ்சதப் பொதுவிலதான் தூக்குச்சி. நட்டமும் பாதிப் பாதி. குப்பம்மாளுக்குக் கொறஞ்சிருக்குது."

"அதனால ஒரு குஞ்சு," என்று பூமாலை முணுமுணுத்தாள்.

"குஞ்சு குடுத்தா போதாது. அன்னிக்கிக் குஞ்சு, இன்னிக்கி அது கோழி. கோழியாத்தான் குடுக்கணும். அந்தச் செவலக் கோழியவே குடுத்துடணும். பூமாலை, போய்ப் புடிச்சாந்து குடு."

களத்தில் கைதட்டினார்கள். பூமாலை எழுந்து நின்றாள். செவலைக் கோழியையா? அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் புருஷன் இல்லை, யாரோ ஜட்ஜு நின்றுகொண்டிருந்தான். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கோழி சுலபத்தில் அகப்படவில்லை. குப்பைமேட்டைச் சுற்றி வந்தது, வைக்கோலுக்குள் புகுந்தது. "நீயும் ஓடு. அந்த ஆளுக்கு வாய் வந்த நாளு பாத்தியா," என்று அவள் அதனோடு பேசிக்கொண்டே துரத்தினாள். களத்திலிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அவள் புருஷன் குரல், கணீரென்று. அப்புறம் யாரோ ஒருவனின் கோபக் குரல். மறுபடி அவள் புருஷன் குரல். கோழியை ஒருவழியாக அமுக்கிப் பிடித்து, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பி வரும்போது களம் இரண்டாகப் பிளந்து நின்றது.

"இன்னா ஆச்சி?" என்று இருதயமேரியைக் கேட்டாள். இருதயமேரியின் முகத்தில் மலர்ச்சி இருந்தது, அதை மறைக்கப் பார்த்தாள்.

"உன் வழக்குல சொன்ன நாயம் நல்லா இருந்துச்சின்னு, எல்லாரும் எங்குளுதும் சொல்லு எங்குளுதும் சொல்லுன்னாங்க. சொல்லிட்டாரு. எங்க முருங்க மரம் பக்கத்து ஊட்டு மேல சாஞ்சிருந்தாலும், காய் மரத்துக்காரனுக்குத்தான்னுட்டாரு. பக்கத்து ஊட்டான் கோவிச்சிக்கினான். மம்பட்டிய எரவல் வாங்கி ஒடச்சவன்தான் காம்பு போட்டுக் குடுக்கணும்னாரு. அவன் கோவிச்சிக்கினான். அப்பிடியே ஒவ்வொண்ணா. கடைசியா சவுரிராயன் மாமா, திருவிழாவுக்கு வெட்டற ஆட்டுத் தல எனக்குத்தான சேரணும்னு ஆசையா கேட்டாரு. தல எடுத்துக்கினா பங்குக் கறி கெடயாதுன்னுட்டாரு."

பூமாலை சவுரிராயனைப் பார்த்தாள். அவர் முறத்திலிருந்த மல்லாட்டையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தது பாதிக்குமேல் தோலாகிவிட்டது.

சொன்ன நாயம் எதிலும் குறையில்லை. ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் மண்ணாங்கட்டி பக்கம் வந்திருந்தார்கள். தோற்றவர்கள் அத்தனை பேரும் அந்தோணிசாமியின் பக்கம் போய்விட்டார்கள். வழக்கு என்றால் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்பதுதானே.

"யோவ், நான் இன்னா சொன்னேன்? அதோட வாய மூடிக்கன்னு சொன்னனா இல்லியா?" என்று பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"கேட்டாங்க. சொன்னேன்," என்றான் மண்ணாங்கட்டி. அவனுக்கு வியர்த்திருந்தது. கவலையில் ஒரு நாளும் அவனுக்கு இத்தனை சந்தோஷமாக வியர்த்ததில்லை.

"கை தூக்கலாம்," என்றார் சவுரிராயன். காய் போதாமல் புளியங்கொட்டை வரவழைக்கப்பட்டது. முதலில் அந்தோணிசாமிக்கு. தோற்றவர்களின் கைகள் எழுந்தன, சவுரிராயனின் கை அதில் ஒன்று. இருதயமேரியும் தூக்கினாள், முருங்கைக்காயை நினைத்துக்கொண்டு கொஞ்சம் தாழ்வாக.

"நல்லா தூக்குடி," என்றான் அந்தோணிசாமி.

பிறகு மண்ணாங்கட்டிக்கு. ஜெயித்தவர்களின் கைகள். குப்பம்மாள்தான் முதல் ஆளாகத் தூக்கினாள். சவுரிராயன் இரண்டு குவியலையும் இரண்டு தரம் எண்ணினார். மூன்றாம் தரம் அந்தோணிசாமியை விட்டு எண்ணச் சொன்னார்.

"சமமா கீது," என்றான் அந்தோணிசாமி, நம்பிக்கையில்லாமல்.

"யாரு இன்னும் தூக்கல?" என்று சவுரிராயன் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். எல்லார் கண்ணும் கடைசியில் பூமாலையிடம் வந்து நின்றது.

"மண்ணாங்கட்டி ஊட்டுக் கை எங்க?"

பூமாலையின் இரண்டு கையும் கோழியைப் பிடித்திருந்தன. ஒரு கையில் அடங்குகிற கோழியில்லை அது. ஒரு கையை எடுத்தால் றெக்கையை அடித்துக்கொண்டு பறந்துவிடும், பிறகு பொழுது சாய்ந்த நேரத்தில் யார் பிடிப்பது? அவள் ஒரு கையைத் தளர்த்திப் பார்த்தாள். கோழி கொக்கரித்துத் திமிறியது. மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

"வழக்குல தோத்தவதான அவ? தோத்தவங்க எல்லாம் இந்தப் பக்கம்," என்று அந்தோணிசாமி ஆசையோடு சொன்னான். "பூமாலை, யோசிச்சிப் பாரு. உன் கோழியப் புடுங்கின ஆளு. நாளைக்கி ஜட்ஜி ஆனா ஆட்டையும் புடுங்குவாரு. நான் ஜட்ஜி ஆனா கோழி உனக்குத்தான்."

"லுவா அப்பிடியா சொல்லுது?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

பூமாலை கோழியைப் பார்த்தாள். இளஞ்சூடாக, கனமாக, அவள் மார்பில் அதன் நெஞ்சு படபடத்தது. இதுபோல ஒரு கோழி இனிக் கிடைக்காது. புருஷனைப் பார்த்தாள். அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இத்தனை பேர் எதிரில், பெண்டாட்டி என்றும் பெரியதனக்காரர் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டு நிற்கிறான். சாவடிக்குள் உட்கார்ந்தாலும் இப்படித்தான் சொல்வான். வெளியே ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று, அந்த நாலு பேரும் துண்டை விரித்துப் படுத்திருக்கும்போதே எழுப்பிச் சொல்வான். அது அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. நிச்சயம் தெரிந்ததுதான் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

விடுவிடுவென்று குப்பம்மாளிடம் போனாள்.

"புடி," என்றாள். இரண்டு வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை.

குப்பம்மாள் தூக்கிய கையோடு சவுரிராயனைப் பார்த்தாள்.

"உன்னுது எண்ணியாச்சி. எறக்கிப் புடி," என்றார் அவர்.

கோழி கை மாறியது. பூமாலையின் மார்பில் ஒரு செவலை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வலது கையை, ஓலை இழுக்கக் கூரைக்கு எட்டுகிறவள்போல் நன்றாக மேலே தூக்கினாள். சவுரிராயன் பெருமூச்சு விட்டு, ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டார்.

"மண்ணாங்கட்டிதான். வெள்ளிக்கெழம எல்லாரும் இவனுக்குத்தான் தூக்கணும். தோத்தவங்களும், நானும். பேச்சு பேச்சா இருக்கணும்."

கூட்டம் கலையத் தொடங்கியது. குப்பம்மாள் கோழியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"சுடுதே. அடைக்கு வந்துடுச்சாடி?"

"நேத்தியிலேருந்து."

"என்கிட்ட இப்ப முட்ட இல்ல. உன்கிட்ட கீதா?"

"கீது," என்றாள் பூமாலை. கொஞ்சம் யோசித்தாள். "முட்ட என்னுது, கோழி உன்னுது. குஞ்சு பாதிப் பாதி."

"சரி. பருந்து வந்துச்சின்னா?"

அதைக் கேட்டதும் மண்ணாங்கட்டி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். சவுரிராயன் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார்.

"யம்மா பூமாலை, வெள்ளிக்கெழம வரைக்கும் இவன் வாயத் தெறக்கவிடாத. இன்னும் ஒரு நாயம் சொன்னான்னா இருக்கிற கையும் போயிடும்."

"அது என் பொறுப்பு மாமா," என்றாள் பூமாலை. புருஷனின் தோளைப் பிடித்துத் திருப்பி, வீட்டைப் பார்த்து நடத்தினாள். பாதி வழியில் அவன், "பருந்து பொதுவில வந்து தூக்கினா..." என்று தொடங்கினான்.

"நட," என்றாள் ஜட்ஜின் பெண்டாட்டி.